இடது கைக்காக வாங்கிய ஸ்குரூ கன்

சீலிங்கில் முதலாவது டிரைவால் சீற்றை, அதாவது இருபக்கமும் கடதாசி ஒட்டிய ஜிப்சப் பலகையை, ஏற்றிய இரவே விளங்கிவிட்டது, கையிலிருந்த சாமானோடு இந்த வேலை முடியாது என்று. நான் ஒரு வாங்கில், மச்சான் மற்ற வாங்கில், நடுவில் இரண்டுக்கு நாலு மரத்தில் அடித்த டி வடிவ முட்டுக்கால். சீற் 5/8 அங்குலத் தடிப்பு, தீயைக் கூடுதல் நேரம் தாங்கும் டைப் எக்ஸ் வகை, நாலுக்கு எட்டு அடி. ஒன்று 70 இறாத்தல் வரும், கிட்டத்தட்ட 32 கிலோ. தலையாலும் இடது உள்ளங்கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு வலது கையில் டிரில்லைப் பிடித்திருக்கிறேன். சரி, ஸ்குரூவை யார் வைப்பது? வாயில் நாலைந்து ஸ்குரூ வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து, டிரில்லில் ஸ்குரூவைத் திருப்பும் பிற்றின் நுனியில் பொருத்த இடது கையை எடுக்க வேண்டும். எடுத்தால் சீற் சட்டத்தை விட்டு அரை அங்குலம் இறங்கும். இறங்கிய சீற்றில் ஸ்குரூ சரிந்து ஏறும், தலை கடதாசியைக் கிழிக்கும். மூன்றாவது ஸ்குரூ விழுந்தபோது அதைப் பிடிக்கப் போய், என் பக்க மூலை சுவர்ச் சட்டத்தில் இடித்து உடைந்தது. அந்த ஒரு சீற்றுக்கு நாற்பது நிமிடம்.

வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். அம்மாவும் அப்பாவும் எங்களோடு வந்திருப்பதற்காக பேஸ்மென்ற்றை ஒழுங்குபடுத்தினோம். அனுமதி எடுத்து, சட்டங்கள் அடித்து, மின் கம்பியும் தண்ணீர்க் குழாயும் போட்டு, கல் கம்பளிப் பஞ்சு அடைத்து, இன்ஸ்பெக்ரர் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் டிரைவால். மேல்மாடியில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் அம்மாவின் அறைக்குள் இறங்கக் கூடாது என்று சீலிங் முழுவதும் ரெசிலியன்ட் சனல் அடித்திருந்தேன். மரத்துக்கும் சீற்றுக்கும் நடுவே வரும் மெல்லிய தகரச் சட்டம் அது. இந்தச் சனலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், கன்னைத் தேர்வதில் அதுக்கும் பங்கு இருந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன். ஒன்ராறியோ கட்டடக் கோவை டிரைவால் ஸ்குரூக்களுக்கு இடைவெளி சொல்கிறது: 300 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. சுவரில் மட்டும், சட்டங்கள் 400 மில்லிமீற்றருக்குள் நின்றால் ஸ்குரூவும் 400 வரை தள்ளிப் போகலாம். அதாவது சீலிங்கில் ஒரு அடிக்கு ஒன்று, சுவரில் 16 அங்குலத்துக்கு ஒன்று. எட்டடி சீற் படுக்கையாகப் போனால் 16 அங்குல இடைவெளியில் ஏழு சட்டங்களைத் தொடும். சீலிங்கில் சட்டத்துக்கு ஐந்து என்று 35 ஸ்குரூ. சுவரில் சட்டத்துக்கு நாலு என்று 28. எனக்கு சீலிங் 24 சீற், சுவர் 40 சீற். 840-உம் 1,120-உம், மொத்தம் 1,960. இரண்டாயிரம் தடவை ஒரு கையை சீற்றிலிருந்து எடுத்து ஸ்குரூ பொறுக்குவது என்று நினைத்தபோதே தோள் வலித்தது.

அதனால் தேடத் தொடங்கினேன்.

டிரில், இம்பாக்ட் டிரைவர், ஸ்குரூ கன் மூன்றும் ஒன்றுதானே என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. இம்பாக்ட் டிரைவர் அடித்து அடித்து முறுக்குகிற சாதனம். மரத்தில் பெரிய ஸ்குரூ இறக்க அதைப்போல ஒன்று இல்லை, ஆனால் ஜிப்சத்தில் ஒரு நொடி பிந்தி விட்டாலும் தலை உள்ளே புதைந்துவிடும். டிரில்லில் டிம்ப்ளர் என்ற பிற் போடலாம். நுனியைச் சுற்றி ஒரு கிண்ணம் இருக்கும், அது சீற்றைத் தொட்டதும் பிற் ஸ்குரூவை விட்டுவிடும். விலையும் சில டாலர்தான். ஒரு அறைக்கு, நாலைந்து சீற்றுக்கு, அது போதும். ஸ்குரூ கன்னின் மூக்கிலோ ஆழத்தை அளந்து நிறுத்தும் கிளச் இருக்கும். குறித்த ஆழம் வந்ததும் மோட்டர் சுற்றிக்கொண்டிருந்தாலும் பிற் நின்றுவிடும். வேகமும் வேறு. சாதாரண டிரில் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குள் நிற்க, டிரைவால் கன் நாலாயிரத்துக்கு மேல் போகும்.

இந்த ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சீற்றைத் தாங்குவது ஜிப்சம் அல்ல, மேலே ஒட்டியிருக்கும் கடதாசி. ஸ்குரூத் தலை கடதாசியை உள்ளே அமுக்கி ஒரு சின்னக் குழி செய்ய வேண்டும், ஆனால் கிழிக்கக் கூடாது. கிழிந்தால் அந்த ஸ்குரூ வெறும் மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போட வேண்டும். தலை வெளியே நின்றாலும் பிழை, குழிகளையும் பொருத்துகளையும் மூடும் மட் என்ற பசையைப் பூசும்போது கத்தி தட்டும்.

பட்டை ஸ்குரூ என்பது பிளாஸ்ரிக் பட்டையில் வரிசையாகக் கோத்த ஸ்குரூக்கள், பொதுவாக ஒரு பட்டைக்கு 50. கன்னின் மூக்கு வழியாகப் பட்டை ஏறும். சீற்றில் அழுத்தினால் ஒன்று இறங்கும், எடுத்தால் அடுத்தது பிற்றுக்கு நேரே வந்து நிற்கும். எல்லோரும் இதை வேகத்துக்காகப் புகழ்கிறார்கள். நாள் முழுக்க இதையே செய்கிறவர்கள் உதிரி ஸ்குரூவை விரலில் வைத்து ஏற்றும் வேகத்தைப் பார்த்தால் பட்டை அவர்களுக்கு அவசியமே இல்லை என்று தோன்றும். என்னைப் போல மாலையில் வந்து வேலை செய்கிறவருக்கு அது தருவது வேறு: இடது கை சும்மா இருக்கிறது. அந்தக் கையால் சீற்றைப் பிடிக்கலாம். நான் தேடியது அதைத்தான்.

வயர் இல்லாதது ஏன் என்றும் யோசித்தேன். வயர் கன் விலை குறைவு, எப்போதும் ஒரே பலம். ஆனால் அந்த நேரம் பேஸ்மென்ற்றில் ஒரே ஒரு பிளக் பொயின்ற்றுக்குத்தான் மின்சாரம் வந்தது. நிலம் முழுக்க வெட்டுத் துண்டுகள், நடுவில் வாங்குகள். வாங்கிலிருந்து இறங்கும்போது காலில் வயர் சுற்றுவதை நினைத்துப் பார்த்து விட்டுவிட்டேன். இன்னொன்றும் இருந்தது. வயர் கன்னின் விசையை அழுத்திப் பூட்டி விட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும், மேலே பிள்ளைகள் படுத்திருப்பார்கள். இப்போதைய பற்றரி கன்கள் பலவற்றில் மூக்கை அழுத்தினால் மட்டும் மோட்டர் ஓடும் முறை இருக்கிறது. மில்வாக்கி, மகிட்டா நிறுவனங்களின் கன்களில் அதை நானே கடையில் அழுத்திப் பார்த்தேன். இரண்டு ஸ்குரூக்களுக்கு இடையில் அமைதி. பற்றரியும் வீணாகாது.

பிறகுதான் உண்மையான தேர்வு. கடைகளில் இரண்டு வகை கிடைத்தது. ஒன்று பட்டைக்கென்றே செய்த கன், மூக்கும் உடம்பும் ஒன்றாக. மகிட்டாவின் பிரஷ் இல்லாத 18 வோல்ட் கன் நிமிடத்துக்கு 6,000 சுற்று. சென்கோவின் டியூராஸ்பின்னும் இந்த வகைதான். மற்றது சாதாரண டிரைவால் கன், அதன் முன்னால் பட்டை மூக்கைத் தனியாக வாங்கி மாட்டலாம். மில்வாக்கியின் எம்18 கன் 4,500 சுற்று, டிவால்ட்டின் 20 வோல்ட் கன் 4,400 சுற்று, இரண்டுக்கும் அப்படிக் கழற்றி மாட்டும் மூக்கு உண்டு.

நான் சுற்றுகளை ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஊரில் எங்களுக்கு அயலவர் ஒருவர், இங்கே இருபது வருடத்துக்கு மேலாக டிரைவாலும், சீற்றுகளின் பொருத்துகளை ஒட்டி மூடும் ரேப்பிங்கும் செய்கிறார். அவரிடம் கேட்டேன்.

“தம்பி, அந்தத் தாளை மடிச்சு வையும்,” என்றார். “நாலாயிரமோ ஆறாயிரமோ உமக்கு வித்தியாசம் தெரியாது. மூக்கைப் பாரும். மூக்கு கழருதோ? கழட்டினா ஒத்தை ஸ்குரூ போடலாமோ? அதைக் கேளும். பிறகு பெரிய பற்றரியைப் போட்டு, கடையிலேயே ரெண்டு நிமிசம் தலைக்கு மேல தூக்கிப் பிடியும். வெக்கப்படாதையும்.”

அப்படியே செய்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து ஆம்பியர் மணி பற்றரி போட்ட கன்னும் பட்டை மூக்கும் ஒரு நிமிடத்தில் முழங்கையை நடுங்க வைத்தது. அதே கன்னில் இரண்டு ஆம்பியர் மணி சின்னப் பற்றரி போட்டதும் வேறொரு சாதனம் போல இருந்தது. டிரைவால் ஸ்குரூ ஏற்றுவது பற்றரிக்குச் சிறிய வேலை. ஒரு சின்னப் பற்றரி எனக்கு மாலை முழுவதும் போதுமாக இருந்தது, இரண்டாவது சார்ஜரில் காத்திருந்தது. பெரிய பற்றரி சேர்த்து விற்கும் பொதியைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மூக்கு கழருவது ஏன் முக்கியம் என்பதும் அங்கேயே புரிந்தது. பட்டை மூக்கு அகலமானது. சீலிங்கும் சுவரும் சந்திக்கும் மூலை, காற்றுக் குழாயை மூடிய பெட்டியின் உட்பக்கம், யன்னல் ஓரம், இங்கெல்லாம் அது போகாது. போனாலும் நேராக நிற்காது. நேராக நிற்காவிட்டால் தலையின் ஒரு பக்கம் கடதாசியை வெட்டும். அந்த இடங்களில் மூக்கைக் கழற்றி, அதே கன்னில், அதே ஆழக் கட்டுப்பாட்டோடு உதிரி ஸ்குரூ போட வேண்டும். பட்டைக்கென்றே செய்த கன் வாங்கினால் அந்த மூலைகளுக்கு இன்னொரு கன் தேவைப்படும். எந்த மூலையும் இல்லாத பெரிய மண்டபத்தில் வேலை என்றால் நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன், அதன் சமநிலை கையில் நன்றாக இருந்தது. பழைய வீட்டின் பேஸ்மென்ற்றில் மூலைகளைத் தவிர வேறென்ன இருக்கிறது?

ஆக, கழருகிற வகை. எந்த நிறம், அதாவது எந்த நிறுவனம் என்பதை என்னிடம் ஏற்கெனவே இருந்த டிரில்லின் பற்றரி முடிவு செய்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஒரே தரத்தில் இரண்டு கன்கள் இருக்கும்போது புதிய பற்றரிக்கும் சார்ஜருக்கும் காசு கொடுப்பதில் பொருளில்லை. கன்னும் மூக்கும் வரியோடு 300 டாலரைத் தாண்டின. பட்டை ஸ்குரூவும் உதிரியை விடக் கணிசமாக விலை கூட. வாங்கும்போது பட்டை இந்த மூக்குக்குப் பொருந்துமா என்று பெட்டியில் பார்க்க வேண்டும், சில கன்கள் தங்கள் நிறுவனப் பட்டையைத்தான் ஏற்கும்.

அடுத்தது ஸ்குரூவின் நீளம். இங்கேதான் பெரிய பிழை ஒன்று நடக்க இருந்தது. மரத்தில் அடிக்கும் 5/8 சீற்றுக்கு 1 5/8 அங்குல ஸ்குரூ என்பது வழக்கம். சீலிங்குக்கு அதையே ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். அயலவர் பெட்டியைப் பார்த்ததும், “இதுக்கோ தம்பி சனல் அடிச்சனீர்?” என்று கேட்டார். சனல் சீற்றை மரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளித் தொங்கவிடுகிறது. சத்தம் மரத்திலிருந்து சீற்றுக்குள் இறங்காமல் தடுப்பது அந்த அரை அங்குலம்தான். சீற் 5/8, இடைவெளி 1/2, சேர்த்து 1 1/8 அங்குலம். அதை விட நீளமான ஸ்குரூ, மேல்தளத்தைத் தாங்கும் மரமான ஜொயிஸ்ட் போகும் இடத்தில் நேரே மரத்துக்குள் ஏறும். ஏறினால் அந்த இடத்தில் சனல் இருந்தும் இல்லாததுதான், பிள்ளைகளின் காலடி அந்த ஸ்குரூ வழியாக இறங்கிவிடும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, 1 அங்குல, நெருக்கமான புரியுள்ள ஸ்குரூப் பட்டை கேட்டு வாங்கினேன். தகரத்துக்கு நெருக்கப் புரி, மரத்துக்கு அகலப் புரி. சுவரில் 1/2 அங்குல சீற், மரச் சட்டம், ஆகவே 1 1/4 அங்குல அகலப் புரி. இரண்டு பெட்டிகளையும் வேறு வேறு அறையில் வைத்தேன், பட்டையில் பார்த்தால் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும்.

கன் வீட்டுக்கு வந்த மாலை சீலிங் பக்கமே போகவில்லை. வெட்டுத் துண்டு ஒன்றை மரத் துண்டில் வைத்துப் பழகினேன். மூக்கில் இரண்டு சரிப்படுத்தல்கள் இருக்கின்றன, முதல் அரை மணி நேரம் நான் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன். ஒன்று ஸ்குரூவின் நீளத்துக்கு மூக்கை முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பது, அதில் அங்குலக் குறிகள் இருக்கும். மற்றது சின்னச் சில்லு, அது ஆழத்தை மயிரிழை மயிரிழையாக மாற்றும். முதலாவதைச் சரியாக வைக்காமல் சில்லை எவ்வளவு திருப்பினாலும் தலை ஒன்றில் புதையும், ஒன்றில் வெளியே நிற்கும். நீளத்தை முதலில், ஆழத்தைப் பிறகு.

மரத் துண்டில் பத்து ஸ்குரூவும் அச்சடித்த மாதிரி வந்தன. மறுநாள் சீலிங்கில் ஏறினால் பாதித் தலைகள் வெளியே நின்றன. சில்லை ஆழமாக்கினேன், அடுத்த நாலைந்து கடதாசியைக் கிழித்தன. மச்சான் பட்டை சரியில்லை என்றான். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பிறகு கவனித்தபோது தெரிந்தது, ஜொயிஸ்ட்டுக்குக் கிட்டே எல்லாம் சரி, இரண்டு ஜொயிஸ்ட்டுக்கு நடுவில்தான் பிழை. அங்கே சனல் வில் போல வளைந்து கொடுக்கிறது. நான் கன்னை அழுத்த அது சீற்றோடு மேலே போகிறது, மூக்கு முழுவதும் உள்ளே அமுங்குவதற்குள் நான் கையை எடுத்துவிடுகிறேன்.

தீர்வு இடது கையில் இருந்தது. கன்னுக்கு ஒரு சாண் பக்கத்தில் உள்ளங்கையை விரித்து சீற்றை மேலே அழுத்திப் பிடித்து, சனல் வளைகிற அளவு வளைந்து நின்ற பிறகு கன்னை ஒரே சீராக அழுத்தி, கிளச் ‘டக்’ என்று விடும் வரை எடுக்காமல் இருந்தேன். தலைகள் ஒரே ஆழத்தில் இறங்கத் தொடங்கின. சுவரிலும் இதே பழக்கம் உதவியது. ஸ்குரூ சீற்றைச் சட்டத்தோடு இழுத்து இறுக்கும் என்று நம்பக் கூடாது, கை இறுக்க வேண்டும், ஸ்குரூ அதைப் பிடித்து வைக்கும். இடைவெளியோடு விட்டால் நாளைக்கு யாராவது சுவரில் சாயும்போது தலை மட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உதிரி ஸ்குரூவோடு டிரில் பிடித்திருந்தால் அந்தக் கை எனக்குக் கிடைத்திருக்காது.

அன்றிலிருந்து சீலிங் சீற் ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. அதிலும் பெரும்பகுதி தூக்குவதற்கும் அளப்பதற்கும்தான்.

சிக்கல்கள் வராமல் இல்லை. மூன்றாம் நாள் மூக்கு திரும்பத் திரும்ப இறுகியது. ஒரு பட்டையை யாரோ மிதித்திருந்தோம், அதில் இரண்டு ஸ்குரூ சரிந்திருந்தது. வளைந்த பட்டையை நிமிர்த்திப் போட முயலாமல், அந்த இரண்டையும் கத்தரித்து எறிவதே நல்லது. ஜிப்சம் தூசியும் மூக்கின் சறுக்குப் பாதையில் படியும். ஒவ்வொரு மாலையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். எண்ணெய் விடவில்லை, விட்டால் தூசி அதில் களியாகிவிடும். பிற் தேய்வதுதான் நான் எதிர்பாராதது. பட்டை மூக்குக்கு நீளமான பிற் வேண்டும், சாதாரண பிற் எட்டாது. தேய்ந்ததும் தலையில் வழுக்கத் தொடங்கும், ஸ்குரூ பாதியில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு அப்படி நின்றபோது கையில் வேறு பிற் இல்லை, கடை பூட்டு. கன் வாங்கும் அன்றே இரண்டு பிற் கூட வாங்குங்கள்.

பழைய டிரில்லையும் தூர வைக்க முடியாது. பிழையாகப் போன ஸ்குரூவைக் கழற்ற பட்டை மூக்கு ஒத்துழைக்காது. இடுப்பில் டிரில் தொங்கினால் வாங்கிலிருந்து இறங்காமலே கழற்றலாம்.

சுவர் நாற்பது சீற்றும் இரண்டு வார மாலைகளில் ஏறின. மூலைகளுக்கும் யன்னல் ஓரங்களுக்கும் மூக்கைக் கழற்றினேன். பாதி நாட்கள் மச்சான் வரவில்லை, சீற்றை ஒரு காலால் நெம்பி உயர்த்தி, இடது தோளால் அழுத்தி, தனியாகவே முதல் நாலு ஸ்குரூவைப் போட்டுவிடுவேன். சுவரில் அது போதும், மிச்சம் ஆறுதலாகப் போடலாம்.

மட் பூசுவதற்கு முதல் நாள் அயலவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை, கதைக்கவும் இல்லை. ஆறு அங்குலக் கத்தியை எடுத்து, வாங்கில் ஏறி, சீலிங்கின் ஒரு முனையிலிருந்து ஸ்குரூ வரிசைகளின் மேல் இழுத்துக்கொண்டு போனார். தலை உள்ளே இருந்தால் கத்தி சத்தமில்லாமல் போகும், வெளியே நின்றால் ‘டிக்’ என்று தட்டும். நானும் மச்சானும் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். 24 சீற்றிலும் மூன்று இடத்தில் ‘டிக்’ என்றது. மூன்றும் முதல் நாள் டிரில்லால் ஏற்றிய அந்த ஒரே சீற்றில். உடைந்த மூலைக்குப் பக்கத்தில் நின்று, “இதைக் கழட்டிப் புதுசா ஒண்டு போடுவமோ?” என்று கேட்டார். மிச்சம் ஒரு சீற் இருந்தது. மச்சான் அப்போதே முட்டுக்காலை எடுக்கப் போனான்.